அகத்தின் வெண்மை: சுவர் நிறமும் அறமதிப்பும்

'அகம்' என்னும் சொல் தமிழில் உள்ளத்தையும் குறிக்கும், மனையையும் குறிக்கும். சங்கப் பாடல்களில் வீடு என்னும் பொருளில் பயின்ற இச்சொல், ஒரு சாரார் பேச்சில் 'ஆத்துக்கு' எனத் திரிந்து இன்றளவும் உயிரோடிருக்கிறது. வீட்டின் உட்புறத்துக்கும் மனத்தின் உட்புறத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழியில், வீட்டின் தூய்மையைப் பற்றிய பேச்சு மனத்தின் தூய்மையைப் பற்றிய பேச்சாக நழுவுவது எளிது. அந்நழுவல் எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பதே இங்கு எழும் வினா. வெள்ளைச் சுவர் அவ்வினாவுக்கு ஏற்ற பொருளாக அமைகிறது.

உள்ளறை அலங்காரம் பற்றிய நூல்களும் விளம்பரங்களும் வெள்ளைக்குப் பல சிறப்புகளை ஏற்றிக் கூறுகின்றன. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஆதலால் சிறிய அறை பெரிதாகத் தோன்றுகிறது. விளக்கின் செலவு குறைகிறது. இவை கண்ணைச் சார்ந்த உண்மைகள். இவற்றோடு எவருக்கும் வழக்கில்லை. ஆனால் வெள்ளை எளிமையானது, நேர்மையானது, தூயது, அமைதி தருவது என்னும் கூற்றுகள் வேறு வகையின. அவை கண்ணைப் பற்றியன அல்ல; அறத்தைப் பற்றியன. முதல் வகையின் உறுதியை இரண்டாம் வகை இரவல் வாங்கிக்கொள்வதே இப்பொருளில் காணப்படும் பெருங்குழப்பம் எனலாம்.

சொல் தரும் சான்று

தமிழ், வெண்மையை ஒரே தட்டில் வைத்து எடைபோடவில்லை. வெள்ளை மனம் என்றால் கள்ளமற்ற மனம். வெள்ளந்தி என்றால் கள்ளமறியாதவன் என்பதோடு ஏமாறக்கூடியவன் என்னும் பொருளும் சேர்ந்துவிடுகிறது. திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரம், தன்னைத்தானே அறிவுடையவன் என்று எண்ணிக்கொள்ளும் செருக்குக்கு 'வெண்மை' என்றே பெயரிடுகிறது. தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் அறியாமையைக் குறிக்க 'வெளிறு' என்னும் சொல் ஆளப்படுகிறது. மரத்தில் வைரம் பாயாத மென்பகுதியே வெளிறு; தச்சர் அதை ஒதுக்கிவிட்டுக் காழினையே கொள்வர். கலைமகளின் ஆடை வெள்ளை; பல சமூகங்களில் கைம்பெண்ணின் மீது சுமத்தப்பட்ட ஆடையும் வெள்ளை. முன்னது நிறைவைக் காட்டப் பின்னது பறிப்பைக் காட்டிற்று. ஆகவே வெண்மை தன்னளவில் ஒரு நற்பண்பு என்னும் கருத்துக்குத் தமிழ்ச் சொல்வழக்கு இடந்தரவில்லை. நிறம் எவ்விடத்தில், யாரால், யாருக்காக வைக்கப்பட்டது என்பதைக் கேட்ட பின்னரே அது பொருள் தருகிறது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்று உண்டு. உடம்பின் தூய்மை நீரால் அமையும், உள்ளத்தின் தூய்மை வாய்மையால் விளங்கும் என்று குறள் இரண்டையும் தனித்தனிக் கருவிகளுக்கு உரியனவாகப் பிரித்து வைக்கிறது. மனத்தில் மாசின்மையே அறம், ஏனையவை ஆரவாரம் என்பதும் அந்நூலின் துணிபே. புறத்தைக் கழுவி அகத்தைத் தூய்மையாக்கலாம் என்னும் வழி இப்பாகுபாட்டில் அடைபட்டுவிடுகிறது.

அரசியின் அறை

பழந்தமிழ் இலக்கியத்தில் உள்ளறை ஒன்றின் விரிவான ஓவியம் வேண்டின் நெடுநல்வாடையை நோக்க வேண்டும். பாண்டிமாதேவியின் அந்தப்புர அறைக்கு வெள்ளி போல விளங்கும் சுதை பூசப்பட்டுள்ளது. நீலமணியை ஒத்த கரிய திரண்ட தூண்களும் செம்பினால் செய்தாற்போன்ற உறுதிவாய்ந்த நெடுஞ்சுவரும் அங்கு உள்ளன. அச்சுவரில் பூக்கள் நிறைந்த கொடி எழுதப்பட்டுள்ளது. வெண்சுதை இங்குத் தனித்து நிற்கவில்லை என்பது முதலில் நோக்கத்தக்கது. கருமைக்கும் செம்மைக்கும் இடையே அது ஒளியாக நிற்கிறது. வெண்மை பிற நிறங்களை வெளியேற்றிவிட்டு ஆளும் நிறமாக அன்று, அவற்றைக் காட்டித் தரும் நிறமாகவே புலவரால் காணப்பட்டது.

இரண்டாவதாக நோக்கத்தக்கது அவ்வறைக்குள் இருப்பவளின் கோலம். போர்ப் பாசறையிலுள்ள கணவனைப் பிரிந்த தேவி, பூவேலை செய்த துகிலை உடுத்த இடையில் மாசேறிய நூலாடையை உடுத்தியிருக்கிறாள். அணிகள் பெரும்பாலும் நீங்கியுள்ளன. மேற்கட்டியில் எழுதப்பட்ட திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். சுதை வெள்ளியாக ஒளிர்கிறது, ஆடையில் அழுக்கு. அறையின் ஒளி அவள் அகத்தின் துயரைத் தொடவே இல்லை. அதைவிட முக்கியமானது, அவளுடைய மேன்மைக்குச் சான்றாகப் பாட்டு முன்வைப்பது சுவரின் ஒளியை அன்று, ஆடையின் மாசை. பொற்புடைய அறையொன்றில் அழுக்கு அறத்தின் அடையாளமாக நிற்கும் இக்காட்சியை, வெள்ளையையே அறமாகக் கொள்ளும் பிற்கால வாதங்களுக்கு எதிரில் வைத்துப் பார்ப்பது பயனுடையது.

புறநானூற்றின் 311ஆம் பாட்டு இதனினும் கூர்மையானது. உவர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் புலைத்தி நாள்தோறும் வெளுத்துத் தந்த தூய வெள்ளாடையை உடுத்திய தலைவன் ஒருவன், எருத்தூள் பறக்கும் தெருவில் அவ்வாடை மாசுபட அமர்ந்து பலருடைய குறைகளைத் தீர்க்கிறான். வெள்ளாடையின் பெருமை அது வெள்ளையாகவே இருப்பதில் இல்லை. பிறர் பொருட்டு அழுக்காவதில் இருக்கிறது. ஆயின் இதே பாட்டு மற்றொரு செய்தியையும் ஓரத்தில் வைத்திருக்கிறது. அந்த வெண்மையை உண்டாக்கியவளின் பெயரிலேயே 'புலை' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழிவு, தீட்டு என்னும் பொருள்கள் சங்க காலத்திலேயே அச்சொல்லில் எந்த அளவுக்கு நிலைபெற்றிருந்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தில் அவை நிலைபெற்றன என்பதில் ஐயமில்லை. அழுக்கை நீக்குபவரே அழுக்குடையவராக எண்ணப்பட்ட முறைகேடு இந்தியச் சமூகம் முழுமைக்கும் பொதுவானது. தலைவனின் குணத்தைப் போற்றிய உரைகள் பல. கிணறு தோண்டியவளின் கைகளைப் பற்றிய உரை குறைவு. வெள்ளை அறை எதைப் பற்றிப் பேசினாலும் இந்த வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது: அதை வெள்ளையாக வைத்திருப்பவர் யார்?

சுவர் ஒழுக்கம் கற்பிக்குமா?

வெள்ளைச் சுவருக்கு வெளிப்படையாக அறப்பொருள் ஏற்றிய வரலாறு ஐரோப்பாவில் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. 1524ஆம் ஆண்டின் கோடையில் சூரிச் நகரத் தேவாலயங்களிலிருந்து படிமங்கள் அகற்றப்பட்டன. சுவரோவியங்களின் மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது. சமயச் சீர்திருத்தத்தின் தலைவரான ஸ்விங்லி அந்த வெண்மையில் மகிழ்ச்சி கொண்டார். இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையில் உருவங்கள் குறுக்கிடலாகாது என்னும் கொள்கை, சுவரின் வெறுமையில் தன்னைக் கண்டுகொண்டது. இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டு நகரின் கில்டு தேவாலயத்தில் இருந்த படங்களைச் சிதைப்பதற்காக இரண்டு ஷில்லிங் செலவிடப்பட்டதாக 1563–64 கணக்கில் பதிவு உள்ளது. அப்பொழுது நகரின் கணக்கைப் பார்த்தவர்களுள் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர், நாடகாசிரியரின் தந்தை. சிதைப்பு என்று எழுதப்பட்டாலும் பல இடங்களில் நடந்தது மூடுதலே. 1804இல் சுண்ணாம்பு நீக்கப்பட்டபோது இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம் உள்ளிருந்து வெளிப்பட்டது. அழிக்க வந்த வெள்ளை, காற்றும் கைகளும் படாமல் அதனைக் காத்துவிட்டது. ஒரு கொள்கைக்காகப் பூசப்பட்ட நிறம் அக்கொள்கைக்கு எதிராகவே வேலை செய்த இந்த முரண், நிறத்தின் மேல் ஏற்றப்படும் அறப்பொருள் எவ்வளவு தளர்ந்த பிணைப்புடையது என்பதைக் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாதம் சமயத்தின் வாயிலிருந்து கட்டடக் கலையின் வாய்க்கு மாறிற்று. வியன்னாவின் அடால்ஃப் லூஸ் 1910இல் உரையாக நிகழ்த்திய 'அலங்காரமும் குற்றமும்' என்னும் கட்டுரை, அலங்கார வேட்கையைப் பண்பாட்டின் பிற்பட்ட நிலையோடு இணைத்தது. பப்புவா மக்களின் பச்சைகுத்தலை அதற்கு எடுத்துக்காட்டாக்கியது; வருங்கால நகரத்தின் தெருக்கள் வெண்சுவர்களாக ஒளிரும் என்றது. நாகரிகம் வெள்ளை, நிறமும் கோலமும் காட்டுத்தன்மை என்னும் சமன்பாடு இதில் ஒளிவின்றி நிற்கிறது. இதற்கு முன்னோடியும் உண்டு. 1764இல் பண்டைக் கலை வரலாற்றை எழுதிய விங்கல்மான், உடல் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகு என்னும் கருத்துடையவர். கிரேக்கச் சிலைகள் பல நிறங்களால் தீட்டப்பட்டிருந்தன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நன்கு தெரிந்த பின்னும் வெள்ளைக் கிரேக்கம் என்னும் கற்பனை கலையவில்லை. 1937–38இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினான் சிற்பங்கள் இன்னும் வெள்ளையாகத் தோன்ற வேண்டுமென்று செப்புக் கருவிகளால் சுரண்டப்பட்டன. உண்மைக்கு மாறான தூய்மை ஒன்றை அடைவதற்காக உண்மையான மேற்பரப்பே அழிக்கப்பட்டது. வெண்மைக்குத் தரப்பட்ட அறமதிப்பு வெறும் சுவைப் பிழையன்று என்பதற்கு இது ஒன்றே போதும். அம்மதிப்பு, மனிதரைத் தரம் பிரிக்கும் அளவுகோலோடு கூடவே வளர்ந்தது.

லெ கொர்புசியேயின் வாதம் இவற்றுள் மிகத் தெளிவானது. ஆகவே மிகக் கவனமாக ஆராயத்தக்கது. 1925இல் வெளிவந்த அலங்காரக் கலை பற்றிய தம் நூலில் அவர் 'ரிப்போலின் சட்டம்' ஒன்றை முன்மொழிந்தார். ரிப்போலின் என்பது அக்காலத்தில் புகழ்பெற்ற எனாமல் வண்ணத்தின் பெயர். ஒவ்வொரு குடிமகனும் தன் வீட்டின் திரைச்சீலைகளையும் சுவர்த்தாள்களையும் நீக்கிவிட்டு வெள்ளை ரிப்போலின் பூச வேண்டும் என்பது அச்சட்டம். வீடு தூய்மையாகும், இருண்ட மூலைகள் ஒழியும், அதன்பின் மனிதன் தன்னையும் தூய்மையாக்கிக்கொள்வான் என்பது அவர் துணிபு. வெள்ளைக்கு முன்னால் பொய்யான பொருள் எதுவும் நிற்க முடியாது, அது உடனே கறையாகத் தெரிந்துவிடும் என்பது அதற்கான காரணம். குறள் பிரித்து வைத்த இரு தூய்மைகளை இவர் ஒரு வண்ணப்பூச்சால் இணைக்க முயன்றார் எனலாம்.

காரணம் கவர்ச்சியானது, ஆனால் நிற்கவில்லை. வெள்ளை எதையும் மறைக்காது என்பது முதற்கோள். அவர் கட்டிய வீடுகளின் வழவழப்பான பூச்சுக்கு அடியில் செங்கல்லும் கற்கட்டிகளும் காரைச் சட்டகமும் கலந்து கிடந்தன. இயந்திரத்தில் வார்த்தது போன்ற தோற்றத்தை அவற்றுக்குத் தந்தது பூச்சே. மறைக்காததன் அடையாளமே மறைப்பாக இருந்தது. 1931இல் முடிவுற்ற சவாய் மாளிகையின் கூரை ஒழுகியது. வீட்டுத் தலைவி எழுதிய முறையீட்டுக் கடிதங்கள் கட்டடக் கலை வரலாற்றில் புகழ்பெற்றவை. இரண்டாவதாக, அச்சட்டத்தை அவரே பின்பற்றவில்லை. பாரிசின் லா ரோஷ் மாளிகையின் உட்சுவர்களில் நீலமும் சாம்பலும் செம்மண் நிறமும் இருந்தன. கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களே அவற்றை உலகுக்கு வெள்ளையாகக் காட்டின. 1931இல் அவர் ஒரு சுவர்த்தாள் நிறுவனத்துக்காக நிறத் தொகுப்பொன்றையே உருவாக்கித் தந்தார். 1951இல் சண்டிகர் நகரை அமைக்க இந்தியா வந்தவர், அங்கு எழுப்பிய உயர்நீதிமன்றத்தின் முகப்புத் தூண்களுக்குப் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் தந்தார். மார்க் விக்லி 1995இல் வெளியிட்ட நூல் இந்த வெள்ளையின் வரலாற்றை ஆடை வரலாற்றோடு இணைத்து விரிவாக ஆராய்ந்துள்ளது. டேவிட் பேச்சலர் 2000இல் எழுதிய சிறு நூல் நிறத்தின்மேல் மேலை நாகரிகம் கொண்ட அச்சத்தை விளக்குகிறது. எனினும் இருவர் நூல்களிலும் சுவரைத் துடைப்பவர் பெரும்பாலும் காட்சிக்கு வெளியிலேயே நிற்கிறார்.

அவரைக் காண வேண்டின் வேறோர் அறைக்குள் செல்ல வேண்டும். 1927இல் இலண்டனின் செல்சீ பகுதியில் சிரி மாம் அமைத்த முழுவெள்ளை வரவேற்பறை அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று. எழுத்தாளர் சாமர்செட் மாமின் மனைவியான இவர் தொழில்முறை அலங்காரக் கலைஞர். நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரில், ஒவ்வொரு கணப்பும் கரியைக் கக்கிய காலத்தில், வெள்ளை விரிப்பும் வெள்ளை இருக்கையும் எதைக் கூறின? அந்த வெண்மையை நாள்தோறும் மீட்டெடுக்கும் வேலையாட்களை வைத்துக்கொள்ள வல்லவர் இவ்வீட்டார் என்பதைக் கூறின. எளிமையின் உருவில் வந்த செல்வம் அது.

ஈயவெள்ளை

வெள்ளையின் அறக்கணக்கில் பலராலும் விடுபடும் ஒரு பக்கம் அதன் பொருள்வழி வரலாறு. நூற்றாண்டுகளாக மரவேலைகளிலும் உட்சுவர்களிலும் பூசப்பட்ட சிறந்த வெள்ளை ஈயவெள்ளையே. நன்கு படியும், நன்கு மூடும், நெடுநாள் உழைக்கும். அதை ஆக்கியவரும் அரைத்தவரும் பூசியவரும் காய்ந்த பூச்சைத் தேய்த்தவரும் ஈய நஞ்சால் வயிற்று வலிக்கும் கைத்தளர்ச்சிக்கும் உள்ளாயினர். 1921இல் ஜெனிவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய ஒப்பந்தம், கட்டடங்களின் உட்பூச்சில் ஈயவெள்ளையைச் சில விலக்குகளுடன் தடைசெய்தது. உட்பூச்சு என்று அது தனித்துச் சுட்டியது கருதத்தக்கது. ரிப்போலின் சட்டம் எழுதப்பட்டதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வெள்ளை அறையைப் பற்றி மற்றொரு சட்டம் எழுதப்பட்டுவிட்டது. முன்னது குடியிருப்பவரின் உள்ளத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. பின்னது பூசுபவரின் உடலைப் பற்றிக் கவலைப்பட்டது. கலை வரலாறுகள் முன்னதையே நினைவில் வைத்தன. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன.

ஈயவெள்ளையின் இடத்தைப் பிடித்த டைட்டானியம் டைஆக்சைடு முதல் உலகப்போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழில்முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. அதன் தாதுக்களுள் தலையாயதான இல்மனைட் கரிய நிறமுடையது. கொல்லம் மாவட்டத்தின் சவறாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கடலோரக் கருமணலாகக் கிடப்பது அதுவே. இன்றைய வெள்ளை அறையின் தூய நிறம் கருமணலிலிருந்து பிரித்தெடுத்ததாக இருப்பதில் உவமைக்கு இடமுண்டு. ஆனால் உவமை வேண்டாம். நிறம் ஒரு செயலின் முடிவு, இயற்கையான தொடக்கநிலை அன்று என்பதை அறிந்தாற் போதும்.

காக்கும் வெண்மையும் புதுக்கும் வெண்மையும்

வெள்ளையை அறத்தோடு தொடர்புபடுத்தவே கூடாது என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. எத்தகைய வெண்மை என்று பிரித்துக் காண வேண்டும். தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் வழங்கிய சுண்ணாம்பு வெள்ளையை எடுத்துக்கொள்ளலாம். சிப்பியையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, வடிகட்டி, பசைக்குக் கஞ்சியோ வச்சிரமோ கலந்து, சிறிது நீலமும் சேர்த்து நார்மட்டையால் அடிப்பர். நீலம் சேராத சுண்ணாம்பு கண்ணுக்குச் சற்று மஞ்சளாகவே படும். நீலம் கலந்த பின்னரே அதைக் கண் 'நல்ல வெள்ளை' என்று ஏற்கும். கலப்பால்தான் தூய்மை தோன்றுகிறது என்பது கைவினைஞர் எவரும் அறிந்த செய்தி. தத்துவ நூலார் இதனைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. நீற்றிய சுண்ணாம்பு வன்காரத் தன்மையுடையது; ஆதலால் பூச்சியையும் பூஞ்சையையும் நோய்க்கிருமிகளையும் அழிக்கிறது. இங்குத் தூய்மை என்பது தோற்றம் அன்று, வேதிவினை. அதே காரம் பூசுபவரின் கண்ணையும் தோலையும் அரிக்கும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். முட்டை வெண்கரு, தயிர் முதலியன சேர்த்துக் கல்லால் தேய்த்துப் பளிங்காக்கிய சென்னைச் சுண்ணச் சாந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளை வியக்க வைத்தது. செட்டிநாட்டு வீடுகளின் உட்சுவர்களில் அதன் மெருகை இன்றும் காணலாம். அது செல்வர் வீட்டு வெண்மை. ஏழை வீட்டிற்கு ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு முன் அடிக்கும் வெள்ளையே வாய்த்தது.

இந்த ஆண்டு வெள்ளையின் இயல்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும், மழையில் கரையும், அடுப்புப் புகையில் மங்கும். அது அழுக்காகும் என்பது தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. மார்கழி முடிவில் சுவர் கறுத்திருப்பது குற்றம் அன்று. ஓராண்டுக் காலம் அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பதே பொருள். தரையின் கோலமும் இத்தகையதே. தரையின் தூய்மை சாண மெழுக்கால் ஆனது. அது பச்சையும் பழுப்புமான நிறம். அதன்மேல் அரிசிமாவு வெள்ளையாக, பரப்பாக அன்றிக் கோடாக விழுகிறது. எறும்பு தின்னும், கால் மிதிக்கும், மறுநாள் வேறொன்று வரும். மகாராட்டிரத்தின் வார்லி மக்கள் திருமணத்தின்போது செம்மண் உட்சுவரில் அரிசிமாக் குழம்பால் தீட்டும் சதுக்கமும், ஒடிசாவின் சவரர் தம் முன்னோர்க்காக வீட்டுச் சுவரில் எழுதும் ஓவியமும் வெண்மையை இவ்வாறே ஆள்கின்றன. இவற்றுள் வெள்ளை, பின்னணி அன்று, எழுத்து. சுவரை வெறுமையாக்குவதற்காக அன்றி, சுவரோடு பேசுவதற்காக வந்த நிறம் அது.

ஆகவே வெண்மையில் இரண்டு முறைமைகளைக் காண முடிகிறது. ஒன்று, படுவதை ஏற்றுக் கரைந்து மீண்டும் புதுக்கப்படுவது. மற்றொன்று, எதுவும் படலாகாது என்று காக்கப்படுவது. முன்னதில் அழுக்கு காலத்தின் பெயர். பின்னதில் அழுக்கு யாரோ ஒருவர் செய்த பிழை. குழந்தையின் கைத்தடம் சுவரில் விழுந்தவுடன் பிழை செய்தவர் யார் என்று தேடும் வீடும், சமையலறையின் வெள்ளை ஓடுகளில் ஒரு மஞ்சள் துளி கண்டவுடன் வேலைக்காரப் பெண்ணின் பெயரை அழைக்கும் வீடும் இரண்டாம் முறைமையைச் சார்ந்தவை. பெரும்பாலும் அப்பெண் அவ்வீட்டு இருக்கையில் அமர இயலாதவர். சோபாவின் வெள்ளைக்கும் அவருடைய புடவைக்கும் இடையே வைக்கப்பட்ட இடைவெளி, 311ஆம் புறப்பாட்டின் தலைவன் தெருவில் அமர்ந்து கடந்த அதே இடைவெளிதான். காக்கப்படும் வெண்மை அழகற்றது என்று யாரும் கூற வேண்டியதில்லை. அதன் அழகுக்குரிய விலையைக் கொடுப்பவரும் அதன் அறப்புகழைப் பெறுபவரும் வேறு வேறானவர் என்பதே இங்கு வழக்கு.

இதற்கு எதிராக வைக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. வெள்ளைச் சுவர் எதையும் வற்புறுத்துவதில்லை, வாழ்பவர் தம் பொருள்களாலும் விருப்பத்தாலும் நிரப்பிக்கொள்ள இடம் விடுகிறது, ஆகவே அது நடுநிலையானது என்பர். வாடகை வீடுகளுக்கும் மருத்துவமனை அறைகளுக்கும் பள்ளிகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். வெவ்வேறு நம்பிக்கை உடையவர் மாறி மாறி வாழும் அறைக்கு ஒருவருடைய நிறத்தைத் திணிக்காமை ஒரு மரியாதையே. எனினும் நடுநிலை என்பது இடத்தைப் பொறுத்தது. ஓவியக் கூடங்களின் வெள்ளறை பற்றி பிரையன் ஓ'டோஹர்ட்டி 1976இல் எழுதிய கட்டுரைகள், அவ்வறை கலைப்பொருளைக் காலத்திலிருந்தும் தெருவிலிருந்தும் வெட்டியெடுத்துப் புனிதப்படுத்துகிறது என்று காட்டின. சப்பானிய எழுத்தாளர் தனிசாகி, 1930களில் நிழலைப் போற்றி எழுதியபோது, கழிப்பறையின் வெள்ளைப் பீங்கான் பளபளப்பையும் விடாமல் பழித்தார். மரமும் நிழலும் தரும் அமைதியை அந்த ஒளி கலைத்துவிடுகிறது என்பது அவர் குறை. ஒருவருக்கு நடுநிலையாகத் தோன்றுவது மற்றொருவருக்குக் கண்கூசும் கட்டளையாக இருக்கலாம். அவர் வாதத்தில் பழமைப் பற்று மிகுதி என்பதையும் மறுப்பதற்கில்லை. இருண்ட கழிப்பறையைத் துப்புரவு செய்பவரிடம் அவர் கருத்துக் கேட்கவில்லை.

வெண்மையை உள்ளறையில் வைத்தும், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாத ஓர் அமைப்பு தமிழகத்தில் உண்டு. இராமலிங்க அடிகள் 1872 சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூரில் தொடங்கிய சத்திய ஞான சபையில், ஒளிக்கு முன்னால் ஏழு திரைகள் தொங்குகின்றன. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்பன அவற்றின் நிறங்கள். காவியை விடுத்து வெள்ளாடையையே உடுத்தியவர் அடிகள். ஆயினும் தாம் அமைத்த உள்ளறையில் வெண்மையைச் சுவராக வைக்கவில்லை, ஒளியின் நிறமாகவும் வைக்கவில்லை. ஒளியை மறைக்கும் திரைகளுள் ஒன்றாக வைத்தார். கருமைக்கு எந்த நிலையோ அந்த நிலையே அதற்கும். அறியாமைக்குக் கருமை, அறிவுக்கு வெண்மை என்னும் பழகிய இணையை இவ்வரிசை ஏற்கவில்லை. வெண்திரையும் விலக்கத்தக்கதே, அதற்கு அப்பாலும் பல நிறம் கலந்த ஒரு திரை எஞ்சியிருக்கிறது. தைப்பூச நாளில் ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்படுகின்றன. சாதி, குலம் பாராது யாவரும் அந்த ஒளியைக் காணலாம் என்பது அச்சபையை நிறுவியவரின் கொள்கை. அவர் 1867இல் அதே ஊரில் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எரியத் தொடங்கிவிட்டது. அடுப்பு எரியும் கூடத்தின் சுவர் வெள்ளையாக நிற்பதில்லை.